கீழ்ப்பாதி குளிர்ந்து கிடக்கும் பழைய ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வாங்கிய வீடு பழையது. முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்குவதற்கு, பன்னிரண்டு செக்ஷன் (பக்கம் பக்கமாகக் கோத்த துண்டுகள்) கொண்ட வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஒன்று நிற்கிறது. மேலே கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. கீழே தொட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. வால்வு பக்கம் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. மற்ற நான்கு அறைகளிலும் இதே வகைதான். தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று, அதுவும் முன்னறையில். இதைக் கழற்றிவிட்டு மெல்லிய ஸ்டீல் பேனல் மாட்டலாம், ஆள் எதற்கு, நானே செய்துவிடுகிறேன் என்கிறார் என் கணவர். கடையில் 'அதே நீளத்துக்கு வாங்கினால் போதும்' என்றார்களாம். சில வருடங்களில் பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) போடும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த ரேடியேட்டர் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றால் பெரும்பாலும் உள்ளே வண்டல் சேர்ந்திருக்கிறது. இரும்பு அரித்து உண்டாகும் கறுப்புத் தூள் தண்ணீரைவிடக் கனமானது. ஓட்டம் மந்தமாக இருக்கும் அடிப்பகுதியில் அது படிந்து சேறாகிவிடும். வெந்நீர் அந்தச் சேற்றைத் தாண்டி மேல்வழியாகப் போய்விடும். இதற்கு நேர்மாறாக மேலே குளிர்ந்து கீழே சுட்டால் காற்று அடைத்திருக்கிறது. முழுவதுமே குளிர்ந்திருந்தால் வால்வு இறுகிப்போயிருக்கலாம், அல்லது மற்ற அறை ரேடியேட்டர்கள் ஓட்டத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். மேலுக்கும் கீழுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்புதான். ஆனால் நீங்கள் சொல்கிற அளவு வித்தியாசம் இயல்பல்ல.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யலாம். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கீழ்ப்பக்கம் வடிகுழாய் இருந்தால் அதிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். மை கலந்தது போல இருக்கும். சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால் கறுப்பு அடியில் இறங்கும். குவளையின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். அந்தப் படிவும் காந்தத்தோடு நகர்ந்தால் அது மேக்னடைட், அதாவது இரும்பின் கறுப்பு ஆக்சைடு. தரைவிரிப்பில் மட்டும் சிந்திவிடாதீர்கள். அந்தக் கறை லேசில் போகாது.

அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டருக்கு எத்தனை குழாய் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு குழாய் வந்து, மேல் ஓரத்தில் சாவி போட்டுத் திறக்கிற சிறிய காற்றுத் திருகும் இருந்தால் அநேகமாக வெந்நீர் அமைப்பு. ஒரே குழாய்தான், மறு ஓரத்தில் 'புஸ்' என்று தானாகவே காற்று விடும் சிறிய வென்ட் இருக்கிறது என்றால் அது நீராவி. பாய்லரின் பக்கவாட்டில் நீர்மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாய் இருந்தாலும் நீராவி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீராவி என்றால் நான் மேலே சொன்ன வண்டல் கதை பொருந்தாது. வெந்நீருக்கென்று செய்த ஸ்டீல் பேனலையும் அதில் மாட்டவே கூடாது. ஒற்றைக் குழாய் அமைப்பில் நீராவி உள்ளே போவதும் குளிர்ந்த நீர் வெளியே வருவதும் அதே வழியில்தான். ரேடியேட்டர் வால்வு பக்கமாகச் சற்றுச் சரிந்து நிற்பதும் அதற்காகத்தான். இனி நான் எழுதுவது வெந்நீர் அமைப்பு என்று வைத்துக்கொண்டு.

கசிவு எங்கிருந்து என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். 'வால்வு பக்கம்' என்பதற்குள் மூன்று இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, வால்வு கைப்பிடியின் தண்டைச் சுற்றி ஒரு துண்டு டிஷ்யூ காகிதம், வால்வையும் ரேடியேட்டரையும் இணைக்கும் பெரிய நட்டைச் சுற்றி ஒன்று, முதல் இரண்டு செக்ஷன்கள் சேரும் இடத்தில் ஒன்று என்று சுற்றி வையுங்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான் இடம். தண்டில் கசிந்தால் அதைச் சுற்றியிருக்கும் சிறிய நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே சில சமயம் நின்றுவிடும். நிற்காவிட்டால் உள்ளே உள்ள அடைப்புத் திரியை மாற்ற வேண்டும். பெரிய நட்டில் கசிந்தால் வால்வையே மாற்றிவிடலாம். செக்ஷன்களுக்கு நடுவே கசிந்தால் உள்ளே அவற்றை இணைக்கும் நிப்பிள் அரித்திருக்கிறது. அது பட்டறை வேலை. பிரித்து, புது நிப்பிள் போட்டு, தேவையானால் ஒரு செக்ஷனைக் குறைத்துக்கூடத் திருப்பிச் சேர்ப்பார்கள். ஆனால் வார்ப்பிரும்பின் உடம்பிலேயே விரிசல் தெரிந்தால், அதிலும் தண்ணீர் உறைந்து வெடித்த விரிசலாக இருந்தால், அந்தச் செக்ஷன் தேறாது. பசை, வெல்டிங் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து, 'பழசு, எரிபொருளைத் தின்னும்' என்ற பேச்சு. ரேடியேட்டருக்குள் போன வெப்பம் அறைக்குள்தான் வந்தாக வேண்டும், வேறு எங்கும் ஓடிவிடாது. பழசோ புதுசோ, அதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டு செக்ஷன் ரேடியேட்டர் ஒன்றை 90 கிலோ இரும்பு, 17 லிட்டர் தண்ணீர் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். 65 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஆறும்போது அது சுமார் ஒன்றேகால் யூனிட், அதாவது 1.25 கிலோவாட் மணி வெப்பத்தை அறைக்குத் திருப்பித் தரும். அதில் பெரும்பங்கு இரும்பிலிருந்து வருவதில்லை, உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து வருகிறது. 'இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும்' என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான். ஒரு மீட்டர் நீளமுள்ள இரட்டை ஸ்டீல் பேனலில் 30 கிலோ இரும்பும் 6 லிட்டர் தண்ணீரும் இருக்கும். தேங்கும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று மட்டும் வீட்டைச் சூடாக்குகிறவர்களுக்கு அது வசதி. நாள் முழுவதும் ஒரே சீராகக் கதகதப்பு வேண்டும் என்பவர்களுக்குப் பழசே மேல்.

உங்கள் வீட்டில் பெரிய சிக்கல் இங்கேதான் வருகிறது, கடைக்காரர் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். தெர்மோஸ்டாட் முன்னறையில் இருக்கிறது. முன்னறையில் மட்டும் பேனலை மாட்டினால் அது மளமளவென்று அறையைச் சூடாக்கிவிடும். தெர்மோஸ்டாட் 'போதும்' என்று பாய்லரை நிறுத்திவிடும். மற்ற நான்கு அறைகளில் அந்தக் கனத்த இரும்புகள் அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருக்கும். முன்னறையில் வியர்க்கும், படுக்கையறையில் நடுங்கும். மற்ற அறைகளில் வெப்பநிலை பார்த்துத் தானாக மூடும் வால்வு மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லலாம். ஆகாது. அந்த வால்வால் ஓட்டத்தைக் குறைக்கத்தான் முடியும், நின்றுவிட்ட பாய்லரை எழுப்ப முடியாது. மாட்டத்தான் வேண்டுமென்றால், தெர்மோஸ்டாட்டை வார்ப்பிரும்பு இருக்கும் வேறு அறைக்கு மாற்றிவிட்டு, அந்தத் தானியங்கி வால்வைப் புதிய பேனலில் போட வேண்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் தானியங்கி வால்வு கூடாது. இரண்டும் ஒன்றையொன்று ஏமாற்றும்.

'அதே நீளம் போதும்' என்பதை மறந்துவிடுங்கள். நீளத்துக்கும் வெப்பத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. உயரம், ஆழம், ஒரு செக்ஷனில் எத்தனை தூண்கள் (செங்குத்துக் குழாய்கள்) என்பதைப் பொறுத்து, பழைய ரேடியேட்டரில் ஒரு செக்ஷனே 80 வாட்டும் தரலாம், 200 வாட்டைத் தாண்டியும் போகலாம். ஆகவே பழையது எவ்வளவு தந்தது என்பதைவிட, அறைக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவதுதான் முறை. உங்கள் அறை அளவு தெரியாததால் ஓர் உதாரணம் போடுகிறேன். நான்கு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அறை, உயரம் 2.7 மீட்டர், நான்கு மீட்டர் சுவர் மட்டும் வெளிப்பக்கம். வெளியே மைனஸ் 5, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 25 டிகிரி. காப்பு இல்லாத செங்கல் சுவர், ஜன்னல் போக எட்டேகால் சதுர மீட்டர். அது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 2 வாட் இழக்கும்: ஏறத்தாழ 415 வாட். பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இரண்டரை சதுர மீட்டர், 2.8 வாட் வீதம்: 175. அறையின் காற்று மணிக்கு ஒரு முறை முழுவதும் மாறுகிறது என்று வைத்தால், கனமீட்டருக்கு 0.33 வாட் வீதம் இன்னும் 310. தரைக்கும் கூரைக்கும் ஒரு 200 சேர்த்தால் மொத்தம் 1100 வாட். இவ்வளவுதான் கணக்கு. ஒரு மாலையில் ஐந்து அறைக்கும் போட்டுவிடலாம்.

இப்போது பேனல் அட்டவணையைப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் உயரமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள இரட்டைப் பேனலுக்குச் சுமார் 1700 வாட் என்று போட்டிருக்கும். 'ஆகா, தாராளம்' என்று தோன்றும். ஆனால் ஐரோப்பியத் தரமான இஎன் 442 படி அந்த எண், தண்ணீர் 75 டிகிரியில் உள்ளே போய் 65-ல் வெளியே வரும்போது, அறை 20 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. அதாவது ரேடியேட்டரின் சராசரிக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம். சராசரி 50 டிகிரித் தண்ணீர் ஓடினால் வித்தியாசம் 30 ஆகிவிடும், கிடைப்பது பாதிதான், 870 வாட் அளவு. 40 டிகிரித் தண்ணீரில் முப்பது சதவீதம், 500 வாட்டைச் சற்றே தாண்டும். நீங்கள் ஹீட் பம்ப் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அது சிக்கனமாக ஓடுவது இப்படித் தாழ்ந்த வெப்பநிலையில்தான். கண்டன்ஸிங் வகை பாய்லரும் அப்படியே: திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவியைக் குளிர வைத்து அந்த வெப்பத்தையும் பிடிக்க முடியும். ஆக, இன்றைய பாய்லருக்கு அளவெடுத்து ஒரு பேனலை வாங்கினால், ஹீட் பம்ப் வந்ததும் மறுபடியும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். உங்கள் பன்னிரண்டு செக்ஷன் உயரமானதாக, ஆழமானதாக இருந்தால் அதுவே அந்த வேலைக்குத் தோதாக இருக்கலாம். உயரம், ஆழம், தூண் எண்ணிக்கை மூன்றையும் அளந்து, பழைய ரேடியேட்டர்களைப் புதுப்பிக்கிற பட்டறையில் காட்டுங்கள். அவர்களிடம் அட்டவணை இருக்கும்.

சரி, பெயின்ட். என்னைக் கேட்டால் இந்தக் கடிதத்தில் அவசரமான விஷயம் இதுதான். பழைய வீட்டின் பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-ல்தான். தவழும் குழந்தை தரையில் உதிர்ந்ததை எடுத்து வாயில் போடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பரிசோதித்துத் தெரியும்வரை ஈயம் இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். உதிர்ந்த செதிலை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், துடைப்பம் போட்டுப் பெருக்க வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, சுரண்டுவது, ஊதுவிளக்கால் பொசுக்குவது எதுவும் கூடாது. குழந்தை ஏற்கெனவே வாயில் போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குழாய்களைச் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போன்ற பழைய உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதிலும் கை வைக்காதீர்கள்.

பூச்சை முறையாக எடுக்க வேண்டுமென்றால் ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அதனால் என் யோசனை இது: எப்படியும் கழற்றப்போகிறீர்கள், அந்த ஒரே சந்தர்ப்பத்தில் உள்ளே வண்டலைக் கழுவி, அழுத்தம் ஏற்றிச் சோதித்து, பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசி, இரண்டு புது வால்வுகளோடு அதையே திரும்ப மாட்டுங்கள். சோதனையில் விரிசல் தெரிந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் அதே போன்ற வார்ப்பிரும்பு ஒன்றைத் தேடுவதுதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும், மற்ற நான்கும் அப்படியே இருக்கும்வரை. அலுமினிய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம். இரும்பும் செம்பும் கலந்த பழைய அமைப்பில், தண்ணீரின் காரத்தன்மையைச் சரியாகக் கவனிக்காவிட்டால் அது சீக்கிரம் அரித்துவிடும். பூசும்போது வெள்ளிப் பொடி, வெண்கலப் பொடி கலந்த உலோகப் பூச்சு வேண்டாம். அது வெளிவிடும் கதிர்வெப்பத்தைக் குறைக்கும். கடைசிப் பூச்சுதான் கணக்கு. வெள்ளையோ கறுப்போ, சாதாரண நிறம் எதுவானாலும் சரி.

உங்கள் கணவர் தானே செய்யலாமா? பாதி வேலையைச் செய்யலாம். பன்னிரண்டு செக்ஷன், தண்ணீர் இல்லாமலே 80 முதல் 100 கிலோ, பெரிய வகையானால் அதற்கும் மேல். ஒற்றை ஆளாக நகர்த்துகிற சமாச்சாரம் அல்ல. தூக்கும்போது முறுக்கவோ ஒரு முனையில் நிறுத்தவோ கூடாது, செக்ஷன் இணைப்புகள் விட்டுவிடும். தரையில் ஒட்டுப்பலகை விரித்து, நிமிர்ந்த நிலையிலேயே நகர்த்த வேண்டும். வடித்த பிறகும் அடியில் கறுப்புத் தண்ணீர் மிச்சமிருக்கும். ஓட்டைகளை அடைத்துவிட்டு நகர்த்துங்கள்.

கழற்றுவதில்தான் ஆபத்து. அந்தப் பெரிய நட்டு பல வருடங்களாக அசையாதது. ஒரு ரெஞ்சை நட்டில் போட்டு மறு ரெஞ்சால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். இல்லையென்றால் திருகும் விசை முழுவதும் தரைக்கடியில் இருக்கும் குழாய்க்குப் போகும், மரை அங்கே உடையும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அசையாவிட்டால் சுத்தியலால் தட்ட வேண்டாம், வார்ப்பிரும்பு வளையாது, விண்டுவிடும். வரவில்லை என்றால் நட்டை வெட்டி எடுப்பது மலிவு. வால்வு எப்படியும் புதுசுதானே. மறுபக்கம் மூடியோடு இருக்கும் சரிசெய்யும் வால்வு எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்பதை மூடும்போதே எண்ணி எழுதி வையுங்கள். வீட்டில் எந்த அறைக்கு எவ்வளவு நீர் என்ற பங்கீடு அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வால்வுகளை மட்டும் நம்பிக் குழாய் முனைகளைத் திறந்து விட்டுவிடாமல், உலோக மூடி போட்டு அடையுங்கள். மூடி போட்ட பிறகு மற்ற அறைகளுக்கு பாய்லரை ஓட்டலாம், பெரும்பாலான வீடுகளில். எல்லா ரேடியேட்டரும் ஒரே குழாயில் வரிசையாகத் தொடுத்திருக்கும் அமைப்பு என்றால் மட்டும் ஒன்றைக் கழற்றியதும் ஓட்டம் நின்றுவிடும்; அங்கே தற்காலிக இணைப்புக் குழாய் வேண்டும். அடுக்குமாடியில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் தொடுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள், நெடுங்குழாய் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

பாய்லர் பக்கத்து வேலைகள், அமைப்பு முழுவதையும் கழுவுவது, திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்துவது, இவற்றை ஆளை வைத்துச் செய்யுங்கள். பழைய இணைப்புகளில் வேகமான பம்ப் போட்டு அழுத்திக் கழுவினால் இதுவரை துரு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைகளும் திறந்துகொள்ளும்; மெதுவாகவே செய்யச் சொல்லுங்கள். நான்கு ரேடியேட்டரில் வண்டலை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் அது மறுபடி இங்கே வந்துவிடும்.

திரும்ப மாட்டியதும் துரு தடுக்கும் மருந்தைக் கலந்து தண்ணீர் ஏற்றுங்கள். மூடிய அமைப்பு என்றால் குளிர்ந்த நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை. பம்ப் ஓடாதபோது காற்றை வெளியேற்றுங்கள். பழைய அமைப்பில் வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கக்கூடும், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். முதல் சில நாட்கள் அழுத்தமானியைத் தினமும் ஒரு தடவை பாருங்கள். கொஞ்சம் இறங்கினால் மிச்சக் காற்று வெளியேறுகிறது. தண்ணீர் சேர்த்தால் போதும். வாரம் கடந்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. அந்த டிஷ்யூ காகிதத்தை மறுபடி எடுங்கள், முதலில் புது வால்வுகளின் நட்டிலிருந்து தொடங்குங்கள்.